நாற்பதைத் தொடும் முன்பே பழக வேண்டியவை: ஆரோக்கியமான நீண்ட ஆயுளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீண்ட நாள் வாழ வழி என்ன என்று கேட்டால், வெந்நீரில் எலுமிச்சை, வெறும் வயிற்றில் வெந்தயம், இரவில் கருஞ்சீரகப் பொடி என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலே வந்து விழும். அவற்றில் பெரும்பாலானவற்றால் தீங்கில்லை. ஆனால் நம் வீடுகளில் ஐம்பதிலும் அறுபதிலும் ஆட்களைச் சாய்க்கும் காரணங்களை அவை தொடுவதே இல்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருக்கின்றன. 20 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. இரண்டும் வலிக்காதவை என்பதுதான் சிக்கல். மாரடைப்போ பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வந்த பிறகுதான், பத்து ஆண்டுகளாக உள்ளே நடந்துகொண்டிருந்தது பலருக்குத் தெரிய வருகிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் பழக்கங்களை அந்த இரண்டையும் மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் வரும் திங்கட்கிழமையே தொடங்கிவிட வேண்டாம். அப்படித் தொடங்கியவை பெரும்பாலும் அடுத்த திங்கட்கிழமையைப் பார்ப்பதில்லை. ஒரு படி கைக்குப் பழகிய பிறகு, அதாவது மூன்று நான்கு வாரங்கள் கழித்து, அடுத்த படிக்குப் போகலாம். புதிய பழக்கத்தை, பல் துலக்குவது, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது என்று ஏற்கெனவே தினமும் நடக்கும் ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துவிட்டால் அதை நினைவில் வைக்கத் தனி முயற்சி தேவைப்படாது.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ரத்த அழுத்தத்தை அளப்பது எளிது. சரியாக அளப்பது அவ்வளவு எளிதல்ல. பேருந்தை விட்டு இறங்கி, மாடிப்படி ஏறி, டோக்கன் வாங்கிய வேகத்தோடு கையை நீட்டினால் வரும் எண், உங்கள் உண்மையான எண் அல்ல. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, தேநீர், புகை எதுவும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் ஒரு மேசையின் மேல் வைத்து அளக்க வேண்டும். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கையை இறுக்கும். கையை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. அளந்துகொண்டிருக்கும்போது பேசினாலும் எண் ஏறும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும்.

வீட்டிலேயே கருவி வாங்குவதாக இருந்தால் மணிக்கட்டில் கட்டும் வகையை விட்டுவிட்டு மேற்கையில் சுற்றும் வகையை வாங்குங்கள். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், காலை அளவை மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் அளக்கும்போது இந்த வரம்பு 140/90.

சர்க்கரையைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. 100 முதல் 125 வரை அதற்கு முந்தைய நிலை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. இந்த எச்சரிக்கை நிலையில் இருப்பவர்களுக்குத்தான் கீழே வரும் படிகளால் கிடைக்கும் பலன் மிக அதிகம்.

மூன்றாவதாக ஓர் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் சுற்றளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மவர்களுக்கான வரம்பு. கல்லூரிக் காலத்து பேன்ட் அளவே இன்னும் சரியாக இருக்கிறது என்று பெருமைப்படுபவர்கள் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். தொப்பை வளர வளர பேன்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்ளும், அளவு மாறாது.

தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகளும் அரசு நிலையங்களில் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்குத் தன் ரத்த அழுத்தம் என்னவென்று தெரியாமலிருப்பது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணம். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தை அவருக்கே கொடுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "இப்போது நார்மலாகிவிட்டது" என்று நீங்களாகவே நிறுத்தக் கூடாது. அது நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

படி 2: உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தலை தட்டிய ஒரு சிறிய தேக்கரண்டிக்குள். இதை யாரும் தினமும் அளந்து சமைக்க முடியாது. அதற்குப் பதிலாக, புதிய உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதத்துக்கு 600 கிராம் என்பதே மேல் வரம்பு. வெளியில் சாப்பிடும் பரோட்டா சால்னாவும் கடை மிக்சரும் அதற்குள்தான் அடங்க வேண்டும் என்பதால், வீட்டு உப்பு இன்னும் குறைவாகவே ஆக வேண்டும். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் காலியானால் அந்த வீட்டில் உப்பு அதிகம் என்று கணக்கில்லாமலே தெரிந்துவிடும்.

நம் சாப்பாட்டில் உப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. குழம்பில் ஒரு பங்கு, ரசத்தில் ஒரு பங்கு, பொரியலில் ஒரு பங்கு, தயிர் சாதத்தில் மறுபடியும், அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயில் மொத்தமாக. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது; அதுவும் சோடியம்தான். எனவே எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகக் குறைக்கப் பார்ப்பதைவிட, ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகிய நான்கையும் தினசரி உணவு என்ற இடத்திலிருந்து வாரம் ஒரு நாள் என்ற இடத்துக்கு மாற்றுவதே முதல் வேலை. அடுத்ததாக, சாதத்திலும் மோரிலும் மேலே தூவும் உப்பை நிறுத்துங்கள். குழம்பிலும் பொரியலிலும் கை வைப்பது அதற்குப் பிறகுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்ற வேகத்தில் குறைத்தால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்; நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, பெருங்காயம், கொத்தமல்லி ஆகியவற்றைக் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தினால் குறை தெரியாது.

இந்துப்புக்கு மாறியதால் உப்பின் தீங்கு போய்விட்டது என்று நினைப்பவர்கள் பலர். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. பல நேரங்களில் அதில் அயோடின் சேர்க்கப்படுவதும் இல்லை. உண்மையில் பலன் தரக்கூடியது பொட்டாசியம் கலந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதே பொட்டாசியம் ஆபத்தாகலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

படி 3: தட்டில் இடம் மாற்றுங்கள்

சோற்றை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் நம்மால் நான்கு நாள் தாங்க முடியும். விட வேண்டியதில்லை, இடத்தைச் சுருக்கினால் போதும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மூன்று வேளையும் தானியமே மையமாக இருக்கும் வீடுகளில் இது எளிதாகத் தாண்டிவிடும். இரவில் சப்பாத்திக்கு மாறிவிட்டோம் என்பதும் பெரிய மாற்றமல்ல. ஒரு தானியத்தின் இடத்தில் இன்னொரு தானியம் வந்திருக்கிறது. சிறுதானியமும் நல்லதுதான், அளவோடு. சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சியைச் செம்பு நிறையக் குடித்துவிட்டு சுகர் ஏன் இறங்கவில்லை என்று கேட்கக் கூடாது.

செய்முறை இதுதான். பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் கீரையும் விழட்டும். அவை தட்டில் பாதியை அடைக்கட்டும். அவற்றில் பாதியையாவது சாப்பிட்ட பிறகு சாதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். காய்கறியும் பருப்பும் முதலில் உள்ளே போனால் அதன் பின் வரும் சோற்றால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. வயிறு பாதி நிறைந்திருப்பதால் இரண்டாம் முறை சாதம் கேட்பதும் தானாகவே குறையும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கும் வழக்கம் மாற வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய், கீரை எல்லாம் சேர்த்து 400 கிராம் என்பதே அந்த நிறுவனம் சொல்லும் அளவு.

அடுத்தது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.83 கிராம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். கரண்டியில் எடுத்துப் பாருங்கள். கீழே படிந்திருக்கும் பருப்பு எவ்வளவு, மேலே நிற்கும் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். முட்டையில் 6 கிராமும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராமும் கிடைக்கும். ஆகவே மாலையில் டீயோடு வரும் பஜ்ஜி, பிஸ்கட் இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல், காலை இட்லியோடு ஒரு முட்டை அல்லது முளைகட்டிய பயறு, மதியம் கெட்டியான பருப்பு அல்லது மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், அங்கேயே 30 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் தேனும் இந்தக் கணக்கில் அடங்கும்.

படி 4: சாப்பிட்டதும் பத்து நிமிடம்

தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்பது ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அந்த எண்ணை எட்ட முடியவில்லை என்பதற்காக நடையையே விட்டவர்கள் உண்டு. வயதான பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

எப்போது நடப்பது என்பதற்கு அளவைப் போலவே முக்கியத்துவம் உண்டு. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது, நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நேரம் நடப்பதைவிடச் சர்க்கரையைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தியதாக நியூசிலாந்தில் நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் காட்டியது. இரவு உணவுக்குப் பிறகான நடையில்தான் பலன் மிகத் தெளிவாக இருந்தது. இரவில் தோசையைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சோபாவில் சாயும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் இல்லை. மொட்டை மாடியோ தெருவோ போதும். கடற்கரையும் பூங்காவும் வேண்டியதில்லை. வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது குறைந்தபட்ச இலக்கு. மூன்று வேளையும் பத்து நிமிடம் நடந்தால் ஐந்தே நாளில் அது நிறைந்துவிடும்.

நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கலோ வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் உடனே சாப்பிட, சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரை மிட்டாயோ வைத்திருப்பது நல்லது.

படி 5: கால்களுக்கு வலு

நடை இதயத்துக்குப் போதும், தசைக்குப் போதாது. முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது; எழுபதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். முன்பு தரையில் இலை போட்டுச் சாப்பிட்டு, பாயில் படுத்து எழுந்து, கிணற்றடியில் குந்தித் துணி துவைத்தபோது கால்களுக்குக் கணக்கற்ற பயிற்சி கிடைத்தது. இப்போது சாப்பாட்டு மேசை, கட்டில், வாஷிங் மெஷின், மேற்கத்தியக் கழிப்பறை என்று தரையைத் தொடாமலே ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடுகிறது. இதை நான் குறை சொல்லவில்லை; மூட்டு வலி உள்ளவர்களுக்கு இவை வரம். இழந்த பயிற்சியை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக மூன்று எண்ணும் நேரத்தில் மறுபடியும் உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது. இறங்கும்போதுதான் தொடைக்கு வேலை. பத்து முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, இன்னொரு பத்து. பிறகு சுவரில் இரு கைகளையும் ஊன்றிச் சாய்ந்து தள்ளும் தண்டால் பத்து. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் இவற்றைச் செய்ய வேண்டும். முழங்கால் ஒத்துழைப்பவர்கள் தினம் ஒரு வேளையாவது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழப் பழகலாம்.

படி 6: புகையிலை, பாக்கு, மது

பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், புகைப்பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. இந்த வழிகாட்டியில் உள்ள வேறு எந்தப் படியும் இவ்வளவு திருப்பிக் கொடுக்காது. புகைப்பவராக இருந்தால் வரிசையை மறந்துவிட்டு இங்கிருந்தே தொடங்குங்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு பாதுகாப்பானது என்பதும் உண்மையல்ல. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை.

படி 7: தூக்கமும் தலைக்கவசமும்

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் படுக்கும் நேரம் தானாகச் சரியாகும். மாலை நான்குக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறி எழுபவர்கள், பகலில் பேருந்தில் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுபவர்கள், அதைக் கேலிக்குரிய விஷயமாக விடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கட்டுப்படாத ரத்த அழுத்தத்துக்கு அது காரணமாக இருக்கலாம். படுக்கும் முன் பல் துலக்குவதையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள். ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

ஆயுளைப் பற்றிய கட்டுரைகளில் தலைக்கவசம் ஏன் வருவதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும் பங்கினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். கீரையும் நடையும் நாற்பது ஆண்டுகளில் சேர்த்துக் கொடுப்பதைப் பால் வாங்கப் போகும் ஐந்து நிமிடத்தில் இழந்துவிடலாம். தாடைப் பட்டையை மாட்டாத தலைக்கவசம் விழும்போது முதலில் கழன்று போகும். பின்னால் உட்காரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் தலை உண்டு.

படி 8: அவசர நேரத்துக்கான ஆயத்தம்

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் நோய் வரலாம். அப்போது வீட்டில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்துத்தான் பலரின் உயிர் நிற்கிறது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொய்வது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும்.

மாரடைப்பை நம் வீடுகளில் "கேஸ்" என்று சொல்லி, சோடா குடித்து, ஓமம் மென்று, விடியட்டும் பார்ப்போம் என்று படுத்துவிடுகிறார்கள். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், மூச்சுத்திணறலும் அசதியும் குமட்டலுமாக அது வரலாம். உங்கள் ஊருக்கு அருகில் இரவு இரண்டு மணிக்கும் இ.சி.ஜி.யும் சி.டி. ஸ்கேனும் எடுக்கக்கூடிய மருத்துவமனை எது என்பதை இந்த வாரமே விசாரித்து, அதன் பெயரையும் எண்ணையும் வீட்டில் உள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.